வண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை

பிப்ரவரி 14

ஜெசிந்தாவின் பெட்டியைக் கூடத்தைவிட்டு வெளியே எடுத்து வைக்கச் சொன்னேன். மாட்டேன் என்றாள். வெயில் பட்டால் வண்டு செத்துவிடுமாம். இந்த நாற்றத்தில் நான் செத்துவிடுவேன் என்றேன்.

"நீ செத்தா வேற எஞ்சினியர் வருவான். பேப்பர்ல விளம்பரம் போட்டாப் போதும்" என்றாள்.

பேச ஆளில்லாமல் அவளைப் பிடித்துக்கொண்டு ரொம்பப் பேசுகிறேனாம். ஒரு நோட்டைத் தூக்கிப் போட்டு, "இதுல எழுதுல. என்னைய விட்டுரு" என்றாள். எழுதுகிறேன்.

கள நிலையம் என்று பெயர்தான் பெரிது. மோயாற்றங்கரையில் தகரக் கூரை போட்ட இரண்டு அறை, நடுவில் ஒரு கூடம். ஒரு அறை எனக்கு, ஒன்று அவளுக்கு. கூடத்தில் என் சாலிடரிங் மேசை. நேர் எதிரே அவளுடைய கண்ணாடிப் பெட்டி. உள்ளே காய்ந்த தோல், எலும்பு, அவற்றை ஓயாமல் அரித்துக்கொண்டிருக்கும் தோல்வண்டுகள். காதை வைத்துக் கேட்டால் பொரி கொட்டுகிற மாதிரி சத்தம் வரும். இதை வைத்து அவள் முனைவர் பட்டம் வாங்கப்போகிறாள்.

நான் வந்தது பாறுக்காக. பிணந்தின்னிக் கழுகு என்றால் எல்லோருக்கும் புரியும். நாடு முழுக்கக் கூட்டம் கூட்டமாக இருந்த பறவை. ஏதோ ஒரு மாட்டு மருந்தால் கிட்டத்தட்ட ஒழிந்துபோய், இந்தப் பள்ளத்தாக்கை ஒட்டிக் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மருந்துக் கதையைத் திட்டத் தலைவர் பத்மநாபன் சார் கோயம்புத்தூரில் ஒரு நாள் வகுப்பாகவே எடுத்தார். அன்று நான் மொட்டைமாடியில் ஆண்டெனா சரிசெய்துகொண்டிருந்தேன். என் வேலை பறவையின் முதுகில் மாட்டிய ஜி.பி.எஸ். கருவி, கேமரா, பேட்டரி. பறவை அல்ல.

எட்டு மட்டும் கொஞ்சம் வேறு. எட்டு என்பது கருவியின் எண். பெண் பறவை. ஆற்றோரம் நீர்மத்தி மரத்து உச்சியில் கூடு, கூட்டில் ஒரே குஞ்சு. எதிர்க்கரைப் பாறையில் தொலைநோக்கியை வைத்தால் தெரியும். இன்று குஞ்சு எழுந்து நின்று, இறக்கையை விரித்துப் பார்த்து, பின்பக்கமாக விழுந்தது. சிரித்துவிட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை.

பிப்ரவரி 16

சோறு குழைந்துவிட்டது. என் முறை. அதில் ஆரம்பித்த சண்டை வண்டில் போய் நின்றது.

"உன் வண்டு யாருக்கு வேணும்?" என்றேன். "கோணிப்பையில, கருவாட்டுல, எங்க பாத்தாலும் அதான் கிடக்குது. ஒரு பெட்டி போனா அடுத்த மாசம் இன்னொரு பெட்டி ரொம்பிடும். பாறு வருஷத்துக்கு ஒரே முட்டை. அது போச்சுன்னா அந்த வருஷமே போச்சு. அதுக்குன்னு ஒரு மதிப்பு இருக்கில்ல?"

"கொறஞ்சுபோனாத்தான் மதிப்புன்னா உன் மூளைக்குக் கோயிலே கட்டணும்ல."

அவளுக்குத் தூத்துக்குடி. அப்பாவுக்குக் கருவாட்டு வியாபாரம். அங்கே இந்த வண்டைக் கண்டால் அவர் கொட்டகையையே காலிசெய்து கழுவிவிடுவாராம். மகள் அதே வண்டுக்குத் தோல் ஊட்டி வளர்க்கிறாள்.

"ரெண்டும் செத்ததைத் திங்கிற சாதிதான் குகா. ஒண்ணு மேலேருந்து எறங்குது, ஒண்ணு கீழேருந்து ஏறுது. ஒரே எலையில உக்காந்து திங்கிற சொந்தக்காரங்க. நீ மேல உள்ளவனை மட்டும் போட்டோ எடுக்க."

ஒரே இலை என்றால் ஒரே வயிறு என்றுதானே அர்த்தம். அதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே குறித்துவைக்கிறேன்.

பிப்ரவரி 19

சோலார் தகட்டைக் குரங்கு பிடுங்கிவிட்டது. மாட்டினேன். மறுபடி பிடுங்கியது. மறுபடி மாட்டினேன்.

பிப்ரவரி 20

பத்மநாபன் சார் போன் செய்தார். திட்டத்துக்கு நிதி கொடுப்பவர்கள் இருபத்தாறாம் தேதி பார்க்க வருகிறார்கள். "பாறு எறங்கிச் சாப்பிடறதை அவங்க நேர்ல பாக்கணும் குகன். உன் ஒப்பந்தமும் அதுலதான் இருக்கு" என்றார். பறவைக்கு நான் சீட்டு எழுதிப் போட்டு அழைக்கவா முடியும்? செத்த மாடு வேண்டும். பள்ளத்தாக்கில் எல்லா மாடும் திடமாக இருக்கின்றன.

ஜெசிந்தா நாளை கோயம்புத்தூர் போகிறாள், ஆய்வுக்கூட வேலை. ஒரு வாரம் ஆகும். போவதற்கு முன்னால் ஒரு பாடம் நடத்தினாள்.

"எவனாவது ஆட்டை அடிச்ச சிறுத்தைக்குப் பூச்சி மருந்து வெச்சிருப்பான். நீ பாட்டுக்கு அந்தக் கறியைப் பாறுக்கு விட்டுராத. முதல்ல குனிஞ்சு பாரு. சுத்தி ஈ, வண்டு எல்லாம் செத்துக் கெடந்துச்சுன்னா அந்தப் பக்கமே போவாத. போன வருஷம் நான் பாத்திருக்கேன்."

மூன்று மாதத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் உருப்படியான தகவல். வண்டு ஒரு சென்சார். விலையில்லாத, சார்ஜ் கேட்காத சென்சார்.

பிப்ரவரி 23

எருது கிடைத்தது.

கோணப்பட்டியில் திம்மையனுடைய எருது. தோளில் வீக்கம் வந்து, படுத்தது எழுந்திருக்காமல், விடியும்போது செத்துவிட்டது. மாடு செத்தால் எங்களுக்குச் சொல்லுங்கள் என்று ஏற்கெனவே ஊரில் சொல்லிவைத்திருந்தோம். சொன்னார்கள். ஆனால் நான் போனபோது திம்மையன் குழி வெட்ட ஆரம்பித்திருந்தார்.

"பட்டியிலயே பொறந்து வளந்ததுங்க தம்பி. நாயி நரி இழுக்க வுடறதுக்கு மனசு வரலீங்."

"நாய் இல்லண்ணா, பாறு. சுத்தமா முடிச்சிடும். நீங்க குழி வெட்டவே வேணாம்."

இந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. சாகும் முன் மருந்து ஏதாவது போயிருந்தால் புதைத்துவிட வேண்டும், அது திட்டத்தின் விதி. கேட்டேன்.

"டாக்டர் வந்தாராண்ணா? ஊசி எதுனா போட்டாரா?"

"டாக்டரெங்கீங்க வந்தாரு. ஆத்துக்கு அக்கட்டயே நின்னு பரிசல்ல ஏற மாட்டேன்னுட்டாரு. ஆனாப் பாத்துக்குங்க தம்பி, முந்தாநேத்து என்னாச்சுன்னா..."

"டாக்டர் வரல. அவ்ளோதானே?"

"வரலீங்."

"சரிண்ணா. டிராக்டர் யார்கிட்ட இருக்கு?"

இவர்கள் ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தால் அந்த எருது கன்றாக இருந்த காலத்திலிருந்துதான் வருவார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவருடைய மனைவி ரங்கி, கையில் எருதின் கழுத்து மணியோடு நின்றவர், "ஒரு வாய் மோரு குடிச்சுப்போட்டுப் போங்க தம்பி, பேசோணுமுங்க" என்றார். நேரம் இல்லைக்கா என்றேன். மணியை இறுகப் பிடித்திருந்தார். சத்தம் வரவில்லை.

டிராக்டரில் கட்டி இழுத்துப்போய் ஆற்றுக்கு மேலே உள்ள சமப்பாறையில் போட்டோம். தார்ப்பாய் போர்த்தி, மேலே முள் வெட்டிப் போட்டிருக்கிறேன். வருகிறவர்கள் வரும்வரை பறவை இறங்கக் கூடாது.

ஜெசிந்தா போனில் கேட்டாள்: "விசாரிச்சியா?"

"விசாரிச்சேன்."

கேள்வி கேட்கப்பட்டது. 'இல்லை' என்று பதில் வந்தது. பதிவுசெய்தாகிவிட்டது.

பிப்ரவரி 24

சும்மா, ஒரு இரட்டை உறுதிக்காக ஒரு சோதனை வைத்தேன்.

எருதின் தொடையிலிருந்து ஒரு துண்டு, ஈரலிலிருந்து ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்து ஜெசிந்தாவின் பெட்டிக்குள் போட்டேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் பாடம் நடத்துவாள். ஒரு ஓரத்தில் பத்து வண்டைத் தனியாகக் கண்ணாடிக் குவளையில் எடுத்து அவற்றுக்கும் அதே கறி. எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

ஏன் செய்கிறேன் என்று கேட்டால், சொல்லத் தெரியவில்லை. முந்தாநாள் என்னவோ நடந்தது என்று திம்மையன் சொல்ல வந்தார் அல்லவா. என்னவாவது நடந்திருக்கும். கயிறு அறுந்திருக்கும். பக்கத்துக் காட்டுக்காரன் சண்டைக்கு வந்திருப்பான்.

பிப்ரவரி 25

ஈரலில் ஓட்டை ஓட்டையாகத் தின்றிருக்கின்றன. குவளையில் இருப்பவை அனைத்தும் ஓடுகின்றன. பெட்டியைக் கிளறிப் பார்த்தேன். செத்த வண்டு ஒன்றுகூட இல்லை.

வண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கறி சுத்தம்.

சோறும் தக்காளிக் குழம்பும் வைத்தேன். இன்று குழையவில்லை.

பிப்ரவரி 26

அற்புதம்.

விடிந்ததும் தார்ப்பாயை எடுத்தேன். வந்தவர்களைப் பாறைக்கு இந்தப் பக்கம் தழை மறைப்புக்குள் உட்கார வைத்தோம். வெயில் ஏறிய பிறகு வானத்தில் முதலில் ஒரு புள்ளி. அப்புறம் எங்கிருந்து வந்தன என்றே தெரியவில்லை. சுற்றின. ஒவ்வொன்றாகக் காலைத் தொங்கவிட்டு இறங்கின. வந்திருந்தவர்களில் ஒரு அம்மாள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் பார்த்தார்.

எட்டும் வந்தது. முதுகில் கருவி பளபளக்க, மற்றதையெல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டு வயிற்றுப் பக்கம் புகுந்தது. கழுத்து முழுக்க உள்ளே போய்விட்டது. வெளியே வரும்போது தொண்டைப்பை உருண்டு நின்றது. கேமரா ஒரு கணம்கூடத் தவறவில்லை.

பத்மநாபன் சார் என் தோளில் தட்டினார். "இன்னும் ரெண்டு வருஷம் நீ இங்கதான்" என்றார்.

பிப்ரவரி 27

ஜெசிந்தா வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை. பெட்டியைப் பார்த்தாள்.

"இதுல புதுக் கறி யார் போட்டா?"

சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். உன் பாடம்தான், ஆனால் அதை ஒரு முறையான சோதனையாக மாற்றியவன் நான் என்றேன். அவள் முகம் மாறுவது தெரிந்தும் முடிக்கும்வரை நிறுத்தவில்லை.

"அந்த எருது எப்பிடிச் செத்துச்சு?"

"தோள்ல வீக்கம்."

"வீங்கிக் கெடந்த மாட்டுக்கு வலிக்கு ஒண்ணும் போடாமயா விட்டிருப்பாங்க?"

"டாக்டர் வரல."

"டாக்டரைப் பத்திக் கேக்கல. ஊசியைப் பத்திக் கேக்கேன்."

"வண்டு உயிரோட இருக்குல்ல?"

"வண்டுக்கு என்னல ஆகும்!" கத்தினாள். "பூச்சி மருந்துன்னாப் பூச்சி சாகும். நான் சொன்னது அது. இது வலி மருந்து. எங்கப்பா மூட்டு வலிக்கு இந்தச் சாதி மாத்திரையத்தான் தெனம் முழுங்குதாரு. வண்டு திங்கும், ஒண்ணும் ஆகாது. பாறு ஒடம்புக்கு அதை வெளிய தள்ளத் தெரியாது. கிட்னி நின்னுபோயி, உள்ள பூரா சுண்ணாம்பு பூசுன மாதிரி ஆயிரும். இதைத்தான சார் ஒரு நாள் பூரா நின்னு சொன்னாரு?"

நான் ஆண்டெனா சரிசெய்துகொண்டிருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு கோணப்பட்டி போனோம். திம்மையன் வேலி கட்டிக்கொண்டிருந்தார். ஜெசிந்தாதான் கேட்டாள். என்ன நடந்தது என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா நின்றாள்.

"வலி தாங்காம ராப்பகலா அனத்திக்கிட்டே கெடந்துச்சுங். பாக்க முடியலீங்க. அப்புறம் மச்சான் வந்து ஊசி போட்டான். ரெண்டு நாளும் போட்டான். அவனுக்கு மாட்டுக்கு ஊசி போடத் தெரியுமுங்க. இந்தத் தம்பிகிட்ட அன்னிக்கே சொல்ல வந்தேன்."

ரங்கி என்னைப் பார்த்தார். "நாந்தான் மோரு குடிச்சுப்போட்டுப் போங்கன்னு கூப்புட்டனுங்களே. அதைச் சொல்றதுக்குத்தானுங்க."

"ஊசி போட்டது குத்தமுங்களா தம்பி?" என்றார் திம்மையன்.

ரங்கி உள்ளே போய் மோர் கொண்டுவந்தார். இந்த முறை குடித்தேன்.

பாறைக்குப் போனோம். எலும்பும் தோலும்தான் கிடந்தன. அவ்வளவு சுத்தமாகத் தின்றிருக்கின்றன. மிச்சத்தை இழுத்துப் புதைத்தோம். திம்மையனும் வந்து வெட்டினார். அன்றைக்கு அவர் எருதுக்கு வெட்ட ஆரம்பித்த குழியின் அளவேதான்.

பிப்ரவரி 28

கேமராப் பதிவை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன். எட்டு எந்தப் பக்கம் தின்றது, எவ்வளவு தின்றது. ஈரல் பக்கம். நிறையத் தின்றது. ஆண் பறவைக்குக் கருவி மாட்டவில்லை. கூட்டத்தில் அதுவும் இருந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன.

நேற்று வரை எனக்குப் பிடித்த காட்சி இது.

எட்டின் சிக்னல் ஆற்று மணல் திட்டில். கூட்டுக்குப் போகவில்லை.

எனக்குள் ஒரு நப்பாசை. எல்லாத் துண்டிலும் மருந்து இருக்க வேண்டும் என்று இல்லையே. ஜெசிந்தாவிடம் சொன்னேன். "இருக்கும்" என்றாளா, "இருக்கட்டும்" என்றாளா தெரியவில்லை. திருப்பிக் கேட்கவில்லை.

மார்ச் 1

எட்டின் சிக்னல் மணல் திட்டைவிட்டு ஆற்றோர மரங்கள் பக்கம் நகர்ந்திருக்கிறது. நேற்று மாலையிலிருந்து அதே புள்ளி. பறவை தூங்கினாலும் கருவி லேசாக அசைவு காட்டும். இது காட்டவில்லை. சில சமயம் கருவியே பழுதாகும். பேட்டரி இறங்கும். இந்தக் கருவியைச் சோதித்து மாட்டியவன் நான்தான். பழுதாக இருக்கட்டும் என்று ஒரு எஞ்சினியர் வேண்டிக்கொள்வது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மார்ச் 2

கருவியில் பழுது இல்லை.

எட்டு ஒரு பட்ட மரத்தின் கவையில் தலைகீழாகத் தொங்கியது. ஒரு கால் மாட்டிக்கொண்டிருந்தது. இறக்கை விரிந்து, கழுத்து தொங்கி. நான்தான் ஏறினேன். நினைத்ததைவிடக் கனம் குறைவு. கீழே, கரையோரம் இன்னும் இரண்டு கிடந்தன. கருவி இல்லாதவை.

வனத்துறை மருத்துவர் அங்கேயே அறுத்துப் பார்த்தார். ஈரலின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. ஜெசிந்தா சொன்ன மாதிரியே, சுண்ணாம்பு பூசியது போல. நான் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பார்த்தேன்.

அங்கிருந்து நேராக எதிர்க்கரைப் பாறைக்கு ஓடினோம். குஞ்சு இருந்தது. தலையைத் தூக்கியது. எட்டு தின்ற பிறகு கூட்டுக்கே போகாததால் அந்தக் கறி குஞ்சுக்குப் போகவில்லை. காத்திருந்தோம். வெயில் தாழும் நேரத்தில் ஆண் பறவை வந்து கூட்டின் விளிம்பில் உட்கார்ந்தது.

ஜெசிந்தா என் முழங்கையைக் கிள்ளினாள். வலித்தது. அவள் விடவில்லை, நானும் கையை இழுக்கவில்லை.

மார்ச் 4

பத்மநாபன் சார் போன். "மாட்டுக்காரர் ஊசி போட்டதை மறைச்சுட்டாருன்னு ரிப்போர்ட்ல போட்ரு. நீ கேட்டே, அவர் சொல்லல. முடிஞ்சுது."

"அவர் சொல்ல வந்தாரு சார். நான் முடிக்க விடல."

"அந்த வரி வேணாமே குகன். நிதி கொடுக்கறவங்க படிப்பாங்க. உனக்குத்தான் சிக்கல்."

"இருக்கட்டும் சார்."

சார் அடுத்ததைக் கேட்டார்: "வண்டை வெச்சு சோதிச்சதையும் எழுதப்போறியா?"

"எழுதிட்டேன் சார்."

இரண்டு வருஷம் என்றவர் இந்த மாதக் கடைசி வரை என்று மாற்றிவிட்டார். நியாயம்தான்.

மார்ச் 9

ஊரில் செய்தி பரவிவிட்டது. ஊசி போட்டால் ஜெயில் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். கழுகு செத்தால் மாட்டுக்காரனைப் பிடிப்பார்கள் என்று இன்னொருவர். இப்போது மாடோ ஆடோ எது செத்தாலும் சத்தமில்லாமல் புதைத்துவிடுகிறார்கள். எங்களுக்குச் சொல்வதில்லை. நல்ல கறியும் மண்ணுக்குள் போகிறது.

காட்டுக்குள் புலி அடித்துப் போட்டது கிடைத்தால் உண்டு. மற்றபடி பாறைகள் காலி.

ஆண் பறவை ஒன்றே தேட வேண்டும், ஒன்றே ஊட்டவும் வேண்டும். முந்தாநாள் வந்தது, தொண்டைப்பை வெறுமையாக. குஞ்சு அதன் அலகைக் கொத்திக் கொத்திப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. நேற்று வரவில்லை. இன்றும் வரவில்லை. குஞ்சு இப்போது எழுந்து நிற்பதில்லை.

"கடையில ஆட்டுக்கறி வாங்கிட்டுப் போய் மரத்துல ஏறிக் குடுத்துடவா?" என்றேன்.

"ஏறு. நீ ஏறுனதுல பயந்து குஞ்சு கீழ குதிக்கும். அப்பன் திரும்பி வராது. எஞ்சினியருக்கு எல்லாத்தையும் கையால தொட்டு முறுக்கணும்."

பெட்டியில் வண்டுகள் பொரி கொட்டிக்கொண்டே இருக்கின்றன. திம்மையன் எருதின் ஈரலை என்றைக்கோ முடித்துவிட்டன. இந்தப் பதினைந்து நாளில் வண்டின் புழுக்கள் இரண்டு மடங்கு ஆகியிருக்கின்றன. அந்தச் சத்தத்தைக் கேட்டால் முன்பெல்லாம் எரிச்சல் வரும். இப்போது வேறு என்னவோ வருகிறது.

மார்ச் 12

திம்மையன் போன் செய்தார். அவர் செய்வார் என்று நான் நினைக்கவே இல்லை.

"மாரக்கா பசு செத்துப்போச்சுங்க. பொதைக்கறோமுன்னாங்க. நாந்தான் நிறுத்திவெச்சிருக்கேன். ஆனா தம்பி, வந்தா உக்காந்து கேட்டுப்போட்டுத்தான் போகோணும்."

போனோம். மாரக்கா அடுத்த பட்டி. வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டிருந்தார்கள். உட்கார்ந்தேன். என்ன நடந்ததுக்கா என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

மாரக்கா அந்தப் பசுவின் தாயிலிருந்து ஆரம்பித்தார். தாய் எந்தச் சந்தையில் வாங்கியது, எத்தனை பேர் குறுக்கே விலை பேசினார்கள். இது பிறந்த அன்று மோயாற்றில் வெள்ளம். நெற்றியில் வெள்ளைச் சுட்டி. மகள் கல்யாணத்துக்கு இதன் பால்தான் பாயசம். ஒரு தடவை யானை வந்தபோது இது கட்டை அறுத்துக்கொண்டு ஓடி, மூன்றாம் நாள் தானே வந்து வாசலில் நின்றது. நான் மேலே பார்த்தேன். வெகு உயரத்தில் ஒரு புள்ளி சுற்றிக்கொண்டிருந்தது. ஒரே புள்ளி. என் கால் தானாக ஆடியது. ஜெசிந்தா தன் செருப்பால் என் காலை மிதித்து நிறுத்தினாள்.

"மேல சொல்லுங்கக்கா" என்றேன்.

"கன்னுப் போடறப்ப கன்னு உள்ளயே திரும்பிக்கிச்சுங்க. கத்துனது கொஞ்சமா நஞ்சமா. எம்பையன் டவுனுக்குப் போயி மருந்துக் கடையில கேட்டு வாங்கியாந்தான். சத்துக்கு ஒண்ணு, வலிக்கு ஒண்ணு. நேத்துதானுங்க போட்டது."

கூரை இடுக்கிலிருந்து காலிக் குப்பியை எடுத்துவந்து கொடுத்தார். ஜெசிந்தா வாங்கிப் படித்தாள். என்னிடம் கொடுக்கவில்லை. ஆகாது என்று தலையை மட்டும் அசைத்தாள்.

மாரக்கா எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க தப்பு ஒண்ணும் பண்ணலக்கா. வலின்னா மருந்து போடத்தான் செய்வாங்க. அடுத்த தடவை எந்த மருந்துன்னு மட்டும் எங்களைக் கேளுங்க, பறவைக்கு ஆகற மருந்தும் இருக்கு" என்றேன். "இதைப் புதைச்சிடலாம்."

திம்மையன் என்னைத் தனியாக அழைத்தார். "குஞ்சு பட்டினி கெடக்குதுன்னு சொன்னீங்களே தம்பி?"

"கிடக்குதுண்ணா."

"இதுல கொஞ்சமாச்சும்..."

"இல்லண்ணா. ஒரு துண்டுகூட ஆகாது."

மண்வெட்டியை எடுத்தேன். திம்மையன் ஒன்று, நான் ஒன்று, மாரக்காவின் மகன் ஒன்று. தரை பாறை மாதிரி இருந்தது. அந்தப் புள்ளி இறங்கி வந்து இப்போது பறவையாகத் தெரிந்தது. இறக்கையின் அடிப்பக்க வெள்ளைகூடத் தெரிந்தது. பக்கத்து மரத்தில் உட்கார்ந்து, கழுத்தை நீட்டி, நாங்கள் வெட்டுவதைப் பார்த்தது. மாரக்காவின் மகன் கல்லெடுத்து விரட்டப் போனான். வேண்டாம் என்றேன். அப்புறம் நானே கையைத் தட்டி விரட்டினேன். போகவில்லை. மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தேன். போனது.

மூடுவதற்கு முன்னால் ஜெசிந்தா குழியோரம் வந்து நின்றாள். "ஒரு கால் எனக்கு வேணும்."

வெட்டிக் கொடுத்தேன். சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டாள்.

"உன் வண்டுக்கு இது ஆகும்" என்றேன்.

"ஆகும்" என்றாள்.

சாக்கைத் தூக்கி வண்டியில் வைத்தேன்.

மார்ச் 13

காலையில் எதிர்க்கரைப் பாறைக்குத் தனியாகப் போனேன். குஞ்சு கூட்டுக்குள் சரிந்து கிடந்தது. தலை தெரியவில்லை. தொலைநோக்கியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜெசிந்தாவைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். திரும்பப் பைக்குள் வைத்துவிட்டேன்.

வெயில் கூட்டின் மேல் விழுந்தபோது ஆண் பறவை வந்தது.

தொண்டைப்பை நிறைந்திருந்தது. நன்றாக, உருண்டு, எட்டுக்கு அன்று இருந்தது போலவே.

குஞ்சின் தலை எழுந்தது. ஆண் குனிந்து கக்கியது. குஞ்சு அதன் வாய்க்குள்ளேயே தலையை விட்டுத் தின்றது. தின்றது, தின்றது, நிறுத்தவே இல்லை. ஒரு கட்டத்தில் எழுந்து நின்று இறக்கையை விரித்தது. விழவில்லை.

நான் கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். ஆற்றில் பரிசல்காரர் திரும்பிப் பார்த்தார்.

அப்புறம்தான் தோன்றியது. எங்கே தின்றது?

நேற்று நான் மண்ணாங்கட்டி எறிந்து காலி வயிற்றோடு விரட்டியது இதுவாகத்தான் இருக்கும். அதன் முதுகில் கருவி இல்லை. கிழக்கே போனதா, மேலே தலமலைப் பக்கம் போனதா, தெரியாது. புலி அடித்த மானா, யாராவது வெளியில் போட்ட மாடா? மாடு என்றால் யாருடைய மாடு, எதனால் செத்தது, வலி என்று யார் என்ன போட்டார்கள்?

குஞ்சு இன்னும் தின்றுகொண்டிருக்கிறது.

ஜெசிந்தாவுக்குப் போன் செய்தேன். பாறைக்கு வந்து பார்த்துக்கொண்டிரு, நான் பட்டி பட்டியாகப் போய் விசாரித்துவிட்டு வருகிறேன் என்றேன்.

"எத்தனை பட்டியிலல கேப்ப?"

"எல்லாத்துலயும்."

"எல்லாரும் மாடு பொறந்ததுலேருந்து சொல்லுவாங்க."

"சொல்லட்டும்."

வண்டியில் பெட்ரோல் இருக்கிறது. தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டேன். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, அதுவும் நல்லதுதான், பட்டிக்குப் பட்டி மோர் கொடுத்தால் குடிக்க வேண்டும். கிளம்புகிறேன்.